ஆரோக்கியமான இதயத்தின் அசைவை அளக்க எந்த எம்ஆர்ஐ முறை? நம் கரைக்காரர்களை மனதில் வைத்து ஓர் ஒப்பீடு

இதயம் எப்படி அசைய வேண்டும் என்பதற்கான எண்கள் உலகத்துக்கு எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு குறை தெரியும். அமெரிக்காவில் 2000 முதல் 2002 வரை ஆட்களைச் சேர்த்த மெசா என்ற இதயநோய் ஆய்வில் 45 முதல் 84 வயதுக்குட்பட்ட 6,814 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதயச் சுவரின் அசைவையும் எம்ஆர்ஐயில் அளந்தார்கள். வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஹிஸ்பானியர், சீன அமெரிக்கர் என்று நான்கு இனத்தாரைச் சேர்த்த அந்த ஆய்வில் தெற்காசியர்கள் ஒரு பிரிவாக இல்லை. பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வுத் திட்டம் 2014 முதல் ஒரு லட்சம் பேரை இலக்காக வைத்துப் படமெடுத்தது. அது நடந்ததும் அந்த நாட்டு மக்களிடையேதான். தொண்டியில் வலை இழுக்கிறவர், கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர், பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண் ஆகியோரின் இதயத்துக்கு எது இயல்பு என்று கேட்டால், இரவல் அளவுகோலைத்தான் காட்டுகிறோம்.

என் அக்கா மகள் மதுரையில் மருத்துவ மேற்படிப்பு படிக்கிறாள். இராமநாதபுரக் கடற்கரையில் நோயில்லாத பெரியவர்களைச் சேர்த்து இதயத் தசையின் அசைவை அளக்க அவளுக்கு ஆசை. "மாமா, டேகிங் எடுக்கவா, சாதாரண சினி போதுமா, டென்ஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அதற்குப் போகவா?" என்று கேட்டாள். மூன்றும் இதயத்தை எம்ஆர்ஐயில் படமெடுக்கும் முறைகள், ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன். நான் எம்ஆர்ஐ இயற்பியல் படித்தவன், பிறந்தது மண்டபம் என்ற கடற்கரை ஊரில். அவளுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நோயாளியை அளப்பதும் ஆரோக்கியமானவரை அளப்பதும் ஒரே வேலை கிடையாது. மாரடைப்பில் செத்துப்போன சுவர்ப்பகுதி அநேகமாக அசையாது. பக்கத்துச் சுவர் 20 சதவீதம் சுருங்கும்போது அது 5 சதவீதம்தான் சுருங்கும். இந்த வித்தியாசத்தை எந்த முறையும் காட்டிவிடும். நோயில்லாத 30 வயதுக்காரருக்கும் 55 வயதுக்காரருக்கும் இடையே தெரியப்போவது ஒன்றிரண்டு சதவீதப் புள்ளிகளாக இருக்கலாம். முறையின் சொந்தப் பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால், நாம் அளந்தது இதயத்தையா மென்பொருளையா என்றே தெரியாது. அதனால் நம் தேர்வில் பார்க்க வேண்டியது, எந்த முறை புதியது என்பதைவிட, எந்த அளவை எந்த முறை எவ்வளவு பிழையோடு தருகிறது என்பதைத்தான்.

அளக்கப் போவது எதை? இடது கீழறை சுருங்கும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. வால்வு இருக்கும் அடிப்பக்கம் நுனியை நோக்கி 12 முதல் 15 மி.மீ. வரை இறங்குகிறது. நுனி அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றளவு குறைந்து சுவர் உள்நோக்கித் தடிக்கிறது. இவற்றோடு ஒரு முறுக்கும் உண்டு. நுனியிலிருந்து பார்த்தால் நுனிப்பகுதி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும் அடிப்பகுதி கடிகாரத் திசையிலும் திரும்புகின்றன. ஈரத்துணியைப் பிழிவது போல என்று ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் லோயர் 1669இலேயே சொல்லிவிட்டார். அதைவிட நல்ல ஒப்புமை எனக்குத் தெரியாது.

இந்த முறுக்குக்குக் காரணம் தசை நார்களின் அடுக்கு. உள்சுவரில் நார்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், நடுவில் வட்டமாகப் படுத்திருக்கும், வெளிச்சுவரில் எதிர்ப்பக்கம் சாயும். ஒவ்வொரு நாரும் சுமார் 15 சதவீதம்தான் குறுகுகிறது. ஆனாலும் சுவர் 40 சதவீதத்துக்கு மேல் தடிக்கிறது, அறையில் உள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேறுகிறது. ஒரு சிறிய சுருக்கத்தை இவ்வளவு பெரிய வேலையாக மாற்றும் அமைப்பை அளக்கத்தான் இத்தனை பாடு.

எம்ஆர்ஐ வருவதற்கு முன் இதை நேராக அளக்க ஒரே வழி, நெஞ்சைத் திறந்து இதயச் சுவரில் உலோகப் புள்ளிகளைப் பதித்து எக்ஸ்ரேயில் பார்ப்பது. 1970களில் வேறு காரணத்துக்காக அறுவை செய்துகொண்டவர்களிடம் அப்படிச் செய்தார்கள். நோயில்லாத ஒருவரிடம் அதை நினைத்தும் பார்க்க முடியாது. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. அசைவை மட்டும் அளப்பதற்குக் கன்ட்ராஸ்ட் ஊசியும் (படம் துலங்கப் போடும் மருந்து) தேவையில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு ஊசி?" என்று நம் ஊரில் நியாயமாகவே கேட்பார்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிகிறது.

ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சிமடத்துக்கோ தேவிபட்டினத்துக்கோ போய்விடலாம். செலவு குறைவு. நொடிக்கு 40 முதல் 80 படம் வரை கிடைக்கும், அது சாதாரண எம்ஆர்ஐயைவிட வேகம். ஆயிரம் பேரைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் எக்கோவைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் விலா எலும்புக்கு இடையில் கிடைக்கும் சன்னல் ஆளுக்கு ஆள் மாறும், கை மாறினால் படமும் மாறும், நுனிப்பகுதி சரியாகச் சிக்காமல் முறுக்கின் அளவு தடுமாறும். அளவுகோல் செய்யும் வேலைக்கு எம்ஆர்ஐ என்று முடிவெடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

எல்லா இதய எம்ஆர்ஐயிலும் முதலில் எடுப்பது சினி படம். இசிஜியின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு நிறுத்தத்தில் பல துடிப்புகளிலிருந்து தகவல் சேர்த்து, ஒரே துடிப்பு ஓடுவது போல 25 அல்லது 30 சட்டங்களாக (ஃபிரேம்களாக) கோத்துத் தரும். இரத்தம் வெள்ளையாகவும் தசை சாம்பலாகவும் தெளிவாகப் பிரிந்து தெரியும். ஃபீச்சர் டிராக்கிங் என்பது இந்தப் படத்தின் மேல் பின்னால் ஓட்டும் மென்பொருள். சுவரின் ஓரக்கோட்டில் தெரியும் வடிவங்களைச் சட்டத்துக்குச் சட்டம் தேடிப் பிடித்து, எந்தப் புள்ளி எங்கே போனது என்று சொல்லும். தனியாக எந்தப் படமும் எடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய பலம். நேரம் கூடாது, கருவியில் புதிய அனுமதி வாங்க வேண்டாம், முன்பே எடுத்த படங்களிலும் ஓட்டலாம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. சுவரின் ஓரத்தில் பிடிக்க அடையாளம் உண்டு, சுவருக்குள்ளே கிடையாது. சாம்பல் நிறத் தசை முழுக்க ஒரே மாதிரி இருக்கும்போது நடுச்சுவர் எங்கே போனது என்பதை மென்பொருள் இரண்டு ஓரங்களையும் வைத்து ஊகிக்கிறது. முறுக்கில் இது நன்றாகத் தெரியும். வழுவழுப்பான வட்டம் ஒன்று தன்னைத்தானே சுற்றினால் ஓரக்கோட்டில் எதுவும் மாறாது, எனவே திருப்பம் குறைவாகவே பதியும். இன்னொன்று, குறுக்குவெட்டுப் படத்தின் தளம் ஒரே இடத்தில் நிற்கிறது, இதயத்தின் அடிப்பக்கமோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. தொடக்கத்தில் படத்தில் இருந்த தசை முடிவில் அந்தப் படத்திலேயே இருக்காது. நுனியிலிருந்து எடுக்கும் நீளவாக்குப் படங்களில் இந்தத் தொல்லை குறைவு.

எந்த எண்ணை நம்பலாம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். இது சராசரி இதயத்தை ஒட்டி நானே எடுத்துக்கொண்ட எண். விரிந்த நிலையில் உள் ஆரம் 24 மி.மீ., சுவர் 8 மி.மீ., ஆக வெளி ஆரம் 32. சுருங்கியதும் உள் ஆரம் 16 ஆகிறது. நீளவாக்கில் 15 சதவீதம் குறுகியதையும் தசையின் மொத்தக் கன அளவு மாறாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெளி ஆரம் 28 வருகிறது, சுவர் 12 மி.மீ. ஆகிறது. இப்போது சுற்றுவாக்குச் சுருக்கம் எவ்வளவு? உள்ளோரத்தில் கழித்தல் 33 சதவீதம் (சுருங்குவதைக் கழித்தல் குறியோடு எழுதுவது வழக்கம்). நடுச்சுவரில் கழித்தல் 21. வெளியோரத்தில் கழித்தல் 12.5. ஒரே இதயம், ஒரே துடிப்பு, மூன்று விடை. ஒரு மென்பொருள் உள்ளோரத்து எண்ணைத் தருகிறது, இன்னொன்று நடுச்சுவர் எண்ணைத் தருகிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுவிட்டு இரு ஊர்க்காரர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதினால் அது பெரிய அநியாயம்.

அதே கணக்கில் சுவர் தடிப்பைப் பாருங்கள். 8 மி.மீ. 12 ஆனால் 50 சதவீதத் தடிப்பு. விரிந்த நிலையில் சுவர் ஓரத்தை ஒரு மி.மீ. தவறாக வரைந்து 7 என்று எடுத்தால் 71 சதவீதம் வரும். 9 என்று எடுத்தால் 33. சினி படத்தில் ஒரு கட்டத்தின் (பிக்சலின்) அகலமே 1.5 முதல் 2 மி.மீ. வரை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சுவர் ஆரத்தில் அதே ஒரு மி.மீ. பிழை நேர்ந்தால் சுற்றுவாக்கு எண் 18.5இலிருந்து 24 வரைதான் ஆடும். ஆகவே இந்தச் சுவர்த் தடிப்பை, அதாவது ஆரவாக்குத் தடிப்பை, எந்த முறை கொடுத்தாலும் ஆரோக்கியமானவர்களை ஒப்பிட அதை நான் பயன்படுத்த மாட்டேன். அக்கா மகளிடமும் இதைத்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னேன்.

சரி, டேகிங்குக்கு வருவோம். எனக்கு மனதுக்கு நெருக்கமான முறை இது. எலியாஸ் செர்ஹவுனி குழுவினர் 1988இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே லியோன் ஆக்சலும் லாரன்ஸ் டவர்ட்டியும் இன்னும் எளிய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். துடிப்பு தொடங்கும் அந்தக் கணத்தில் தசையின் காந்தத் தன்மையை வரிவரியாகக் கலைத்துவிடுகிறார்கள். படத்தில் அந்த இடங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அவை படத்தின் மேல் போட்ட கோடுகள் கிடையாது, தசைக்குள்ளேயே இருக்கும் அடையாளம். தசை நகர்ந்தால் கோடும் நகரும், முறுக்கினால் கோடு வளையும். அன்று நெஞ்சைத் திறந்து பதித்த உலோகப் புள்ளி செய்த வேலையை ஊசிகூடப் போடாமல் செய்கிறது. முதன்முறை அந்தக் கோடுகள் வளைவதைப் பார்த்தால் இதயம் பற்றிப் படித்ததெல்லாம் கண்முன் நடப்பது போலிருக்கும்.

கோடு எவ்வளவு நேரம் நிற்கும்? கலைந்த காந்தத் தன்மை தானாகத் திரும்பிவிடும். 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) கருவியில் இதயத் தசைக்கு அந்த மீட்புக் காலம் ஏறக்குறைய ஒரு நொடி, 3 டெஸ்லாவில் சுமார் 1.2 நொடி. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு துடிப்பே ஒரு நொடி. எனவே சுருங்கும் பகுதியில் கோடு பளிச்சென்று இருக்கும், விரியும் பகுதியின் பின்பாதியில் வெளிறிப்போகும். கடலில் உழைத்து நாடி மெதுவாக ஓடும் ஆட்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் துடிப்பு நீள்கிறது, கோடு நீள்வதில்லை. 1993இல் சூரிச்சில் வந்த சிஸ்பாம் என்ற மாற்று, கோட்டை இரண்டு விதமாகப் போட்டு இரண்டு படங்களைக் கழித்து, துடிப்பு முழுவதும் கோடு நிற்கும்படி செய்கிறது. விலை, இரண்டு மடங்கு நேரம். 3 டெஸ்லா கிடைத்தால் டேகிங்குக்கு அது லாபம். ஆனால் அதே 3 டெஸ்லாவில் சினி படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும் தொல்லை கூடுகிறது.

கோட்டு இடைவெளி 5 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். சுவரே 8 மி.மீ. என்றால் அதன் குறுக்கே ஒன்றோ இரண்டோ கோடுதான் விழும். ஆரவாக்குக் கணக்கு இங்கேயும் கைவிடுகிறது. சுற்றுவாக்கிலும் முறுக்கிலும் டேகிங்தான் இன்றுவரை மற்ற முறைகளை உரசிப் பார்க்கும் உரைகல். முன்பு கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்து கணக்கிட மணிக்கணக்கில் ஆகும். 1999இல் நாயல் ஒஸ்மானும் குழுவினரும் ஹார்ப் என்ற கணக்கு முறையைத் தந்த பிறகு அது நிமிடக் கணக்குக்கு வந்தது. யுகே பயோபேங்க் தன் குறுகிய இதய ஸ்கேனிலும் டேகிங்குக்கு இடம் ஒதுக்கியதை நம் திட்டத்துக்குச் சாதகமான சாட்சியாகவே பார்க்கிறேன்.

டென்ஸ் என்ற முறையும் 1999இல் வந்தது. டேகிங்கில் கோடு எங்கே நகர்ந்தது என்று கண்ணால் பார்க்கிறோம். டென்ஸில் ஒவ்வொரு கட்டமும் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்ற எண்ணையே சிக்னலின் ஃபேஸில் (அலைநிலையில்) எழுதி வைத்துவிடுகிறார்கள். கோட்டு இடைவெளி என்ற தடையே இல்லை. சுவரின் குறுக்கே மூன்று அளவுகளாவது கிடைக்கும், உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம். பகுதி பகுதியாக, மறுபடி மறுபடி அளந்தாலும் ஒத்துவரும் எண் வேண்டும் என்றால் தொழில்நுட்பமாக இதுதான் மேல். ஆனால் கிடைக்க வேண்டிய சிக்னலில் பாதி போய்விடும், மூச்சு நிறுத்தமோ மூச்சைக் கவனித்துக்கொண்டே எடுக்கும் காத்திருப்போ நீளும். எல்லாவற்றையும்விட, வழக்கமான மருத்துவமனைக் கருவியில் இது பொத்தானைத் தட்டினால் வருவது கிடையாது. கருவி நிறுவனத்தோடு ஆராய்ச்சி ஒப்பந்தம் வேண்டும், பிரித்துப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் இடையில் வேலை மாறினால் ஆய்வும் நின்றுவிடும். அது இருக்கும் இடம் என்றால் யோசிக்காமல் எடுங்கள். இல்லாத இடத்தில் இதற்காக ஒரு வருடம் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

வேகத்தை அளக்கும் ஃபேஸ் முறை தனி ரகம். இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் அதே இயற்பியலைத் தசைக்குத் திருப்புகிறார்கள். இரத்தம் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும், தசையோ நொடிக்கு 10, 15 செ.மீ. போனாலே அதிகம். அதனால் கருவியின் வேக எல்லையை 15 முதல் 30 செ.மீ. வரை தாழ்த்தி வைக்க வேண்டும். மூன்று திசைகளிலும் ஒவ்வொரு கட்டத்தின் வேகமும் கிடைக்கும். வயது கூடும்போது முதலில் தளர்வது இதயம் சுருங்கும் திறனைவிட விரியும் வேகம்தான் என்பதால், கேள்வி விரிதலைப் பற்றியது என்றால் இதற்கு நிகர் இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் குழுவினர் ஆரோக்கியமானவர்களை வயது வாரியாகப் பிரித்து இப்படி அளந்திருக்கிறார்கள். ஆனால் வேகத்திலிருந்து சுருக்கத்தின் அளவைப் பெற, சட்டத்துக்குச் சட்டம் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பிழையும் கூடிக்கொண்டே போகும். படம் எடுக்கும் நேரமும் நீளம்.

சென்க் என்ற முறையும் உண்டு. படத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் சுருக்கத்தை அளக்கும், அதன் வேகமான வடிவம் ஒரே துடிப்பில் முடிந்துவிடும். மூச்சு பிடிக்க முடியாதவர்களுக்கு வரம். முறுக்கைத் தராது என்பதால் நம் பட்டியலில் அதைப் பின்னால் வைக்கிறேன்.

இனி ஆட்களைப் பற்றி. முறைகளை ஒப்பிடும் கட்டுரைகளில் இது அநேகமாக இருக்காது, ஆனால் நம் கரையில் முடிவை மாற்றுவது இதுதான்.

மூச்சு. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்க நாளெல்லாம் முங்கி எழும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் மூச்சடக்குவதில் நம்மைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்கள். இவர்களுக்கு நீண்ட மூச்சு நிறுத்தம் வைத்து நுணுக்கமான படம் எடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முங்குபவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்குகிறார். ஸ்கேன் அறையிலோ "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்கம்மா" என்கிறோம், அதாவது காற்றை விட்ட பிறகு. காரணம், விட்ட நிலையில் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பும், இழுத்த நிலையில் திரும்பாது. நெஞ்சு நிறையக் காற்றை அடக்கினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைகிறது. பழக்கதோஷத்தில் அவர்கள் இழுத்துத்தான் அடக்குவார்கள். அதோடு நீண்ட மூச்சடக்கில் நாடித்துடிப்பு இறங்கும், முங்கிப் பழகியவர்களுக்கு இன்னும் நன்றாக இறங்கும். பத்து நொடிக்கு மேல் போனால் அசைவை அளக்கிறோமா, மூச்சடக்கலின் விளைவை அளக்கிறோமா என்ற குழப்பம் வரும். எல்லோருக்கும் ஒரே அளவாக, விட்ட நிலையில், பத்து நொடிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்குப் போகும் முன் வெளியில் உட்காரவைத்து நாலு முறை பழக்குங்கள். டென்ஸின் நீண்ட நிறுத்தத்துக்கு எதிராக என் கை சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாள். சுருக்கத்தின் அளவு இதயத்துக்குள் எவ்வளவு இரத்தம் வந்து நிறைகிறது என்பதைப் பொறுத்தும், எவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக அது தள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தும் மாறும். இரவெல்லாம் கடலில் கிடந்து தண்ணீர் வற்றி வந்தவரைக் காலையில் படுக்கவைத்து எடுக்கும் எண்ணும், இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் எடுக்கும் எண்ணும் ஒன்றாகாது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்ற காலம். ஆட்கள் கரையில் இருப்பார்கள், தூக்கமும் சாப்பாடும் சீராக இருக்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, அவர்களுக்குத் தனியாக நாள் குறிக்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் ரமலான் நோன்பு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் நோன்பிருக்கும் உடம்பை இயல்பு நிலை என்று பதிவதும் தவறு, அவர்களை அந்த நேரத்தில் அலைக்கழிப்பதும் தவறு.

தூரம். இராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர், பாம்பன் தீவிலிருந்து என்றால் இன்னும் ஐம்பதுக்கு மேல். வண்டியில் அவ்வளவு நேரம் வந்தவரை ஒன்றரை மணி நேரம் குழாய்க்குள் படுக்கவைக்க முடியாது. முக்கால் மணி நேரத்துக்குள் முடியாத எந்தத் திட்டமும் இரண்டாவது வாரத்திலேயே ஆள் கிடைக்காமல் நின்றுவிடும். ஒரு நாள் கூலி போகிறது என்பதையும் ஆய்வுச் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உலோகம். படகுப் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்களின் கண்ணில் இரும்புத் துகள் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு, சந்தேகம் இருந்தால் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்த பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். தூண்டில் முள் உடைந்து கையில் தங்கியவர்களும் உண்டு, அதையும் கேளுங்கள். தாலியைப் பற்றி முந்தின நாளே பேசிவிடுவது நல்லது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் இதயத்துக்கு நேர் மேலே கிடப்பதால் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் கூடும். கழற்ற மனம் வராத அம்மாவிடம் அறை வாசலில் நின்றுகொண்டு வாதாடக் கூடாது. வீட்டிலிருந்தே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முங்கிப் பழகியவர்களில் காது பழுதானவர்கள் இருப்பார்கள், ஸ்கேன் சத்தம் பெரிது. காதடைப்பானும் அதன் மேல் ஹெட்ஃபோனும் இரண்டுமே வேண்டும்.

ஆரோக்கியமானவர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி இந்த மூன்றும் பார்க்காமல் யாரையும் சேர்க்க வேண்டாம். அறிகுறியே இல்லாத இரத்த அழுத்தம்கூட நீளவாக்குச் சுருக்கத்தைக் குறைக்கும். ஸ்கேனில் எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் அதை அவரிடம் யார் சொல்வது, அடுத்த சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்ற ஏற்பாடு கையில் இல்லாமல் முதல் ஆளைக்கூட அழைக்கக் கூடாது. நல்ல உடம்போடு நமக்கு உதவ வந்தவரை ஒரு சந்தேகத்தோடு தனியே பேருந்து ஏற்றி அனுப்புவது என்னால் ஏற்க முடியாத காரியம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு இது. எல்லோருக்கும் சினி, முழுக் குறுக்குவெட்டு அடுக்கும் மூன்று நீளவாக்குப் படங்களும். அதில் ஃபீச்சர் டிராக்கிங் ஓட்டி, மொத்த நீளவாக்குச் சுருக்கம், நடுச்சுவரின் மொத்தச் சுற்றுவாக்குச் சுருக்கம் இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வேன். பகுதி வாரியான எண்களை அதிலிருந்து எடுக்க மாட்டேன். வால்வுத் தளம் எத்தனை மி.மீ. இறங்கியது என்பதை மென்பொருள் இல்லாமலே நீளவாக்குப் படத்தில் அளந்து பக்கத்தில் எழுதி வைப்பேன். எளிய அளவு, எந்தக் கருவியிலும் மாறாது, பத்து வருடம் கழித்தும் ஒப்பிடலாம்.

அதன் மேல் எல்லோருக்கும் மூன்று குறுக்குவெட்டுகளில் டேகிங். ஆளுக்கு மூன்று மூச்சு நிறுத்தம்தான் கூடுதல், சில நிமிடம். முறுக்கும் நடுச்சுவர்ச் சுருக்கமும் அதிலிருந்து வரட்டும். முறுக்கில் ஒரு எச்சரிக்கை. நுனிக்கு நெருங்க நெருங்கத் திருப்பம் கூடும் என்பதால், வெட்டு ஒரு சென்டிமீட்டர் மாறினாலே எண் மாறிவிடும். சுருங்கிய நிலையில் நுனி முதல் அடி வரை சம இடைவெளியில் ஐந்து வெட்டுகளைப் பொருத்தி, இரு கடைசிகளையும் விட்டு நடுவிலுள்ள மூன்றை எடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் இதயத்தின் நீளம் மாறினாலும் வெட்டு ஒரே விகிதத்தில் விழும். திருப்பத்தின் வித்தியாசத்தை வெட்டுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி விரிதலைப் பற்றியது மட்டும் என்றால் என் விடை மாறும். முறுக்கு அவிழ்வது, வால்வு திறப்பதற்கு முந்தைய 60, 80 மில்லிசெகண்டுக்குள் கணிசமான அளவு நடந்துவிடுகிறது. நாடி 60இல் 30 சட்டம் என்றால் ஒரு சட்டம் 33 மில்லிசெகண்ட். இரண்டு சட்டத்தில் ஒரு கதையைப் படிக்க முடியாது. அப்போது ஆட்களைக் குறைத்துக்கொண்டு, பிடித்த சிலருக்கு வேக ஃபேஸ் முறையை நிதானமாக எடுக்கலாம். சுவரின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் கேள்வி என்றால், டென்ஸ் உள்ள மையத்தோடு சேர்ந்துகொள்வதைத் தவிர வழி இல்லை.

அக்கா மகள் கடைசியாகக் கேட்டது: "1.5ஆ, 3ஆ மாமா?" எது கிடைத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள் என்றேன். எனக்கு விருப்பம் 1.5, ஏனென்றால் நம் முதல் தூண் சினி, அது அங்கே நிம்மதியாக வரும். பாதிப் பேரை ஒன்றிலும் மீதிப் பேரை இன்னொன்றிலும் எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்து வை, ஆய்வு முடியும்வரை புதுப்பிக்காதே, புதுப்பித்தே ஆகவேண்டும் என்றால் எல்லோருடைய படங்களையும் மறுபடி ஓட்டு. பத்தில் ஒருவரையாவது வேறொரு நாள் திரும்ப வரவழைத்து அதே படங்களை எடு. இரண்டு நாள் எண்களும் எவ்வளவு விலகுகின்றன என்று தெரிந்தால்தான், இரண்டு ஆட்களுக்கு இடையே தெரியும் விலகலில் எவ்வளவு நிஜம் என்று சொல்ல முடியும். அப்படித் திரும்ப வருகிறவர்களின் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் முதல் நாள் பட்ஜெட்டிலேயே எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன்.